பூட்டை அளந்த பிறகு உளியை வாங்குங்கள்: கதவுப் பூட்டு பொருத்தும் கருவிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு மீன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் ஒட்டியது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒட்டியது நான்தான். 30 மி.மீ. தடிமன் ஃபிளஷ் கதவின் (முகம் முழுவதும் தட்டையாக இருக்கும் கதவு) விளிம்பில் 25 மி.மீ. துளை போட்டேன். இரண்டு பக்கமும் மிஞ்சியது இரண்டரை மி.மீ. மரம். டிரில் ஒரு நூல் சாய்ந்தது, அவ்வளவுதான். பிட்டின் முனை லேமினேட்டைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

கை பழகாததும் ஒரு காரணம்தான். ஆனால் கதவின் தடிமனையும் பூட்டின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், வீட்டில் கிடந்த மழுங்கிய பிட்டோடு வேலையைத் தொடங்கியதுதான் பெரிய தப்பு. அதன் பிறகு எட்டு ஒன்பது கதவுகளுக்குப் பூட்டு மாட்டியாகிவிட்டது. இப்போதெல்லாம் பூட்டைப் பிரித்து, ஸ்கேல் வைத்து, நாலு எண்களைத் தாளில் எழுதாமல் கருவிப் பெட்டியைத் திறப்பதில்லை. எந்த உளி, எந்த பிட் என்பதை அந்த நாலு எண்களே சொல்லிவிடும்.

முதல் படி: எந்தப் பூட்டு?

வேலை எவ்வளவு என்பதைப் பூட்டின் வகைதான் தீர்மானிக்கிறது.

ஆல்ட்ராப் (கதவின் மேல் பக்கவாட்டில் நகரும் இரும்புத் தாழ்) போட்டு அதில் தொங்கு பூட்டு மாட்டுவது எல்லாவற்றிலும் எளிது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிடுவதாக இருந்தாலும் மரத்தில் குடைய வேண்டியது அதிகமில்லை. டிரில், 3 மி.மீ. பிட், நல்ல திருப்புளி, தாழ் போய் நுழையும் துளைக்கு ஒரு பெரிய பிட். உளி வாங்கவே வேண்டாம்.

கதவின் உள்முகத்தில் பெட்டி மாதிரி உட்காரும் நைட் லாட்ச் அடுத்தது. சாவி உருளைக்காகக் கதவில் ஒரு வட்டத் துளை போட வேண்டும். விளிம்பில் தகடு மடங்கும் மாடலாக இருந்தால் அந்தத் தகட்டுக்கு மட்டும் கொஞ்சம் உளி வேலை.

உருண்டைக் கைப்பிடியின் நடுவிலேயே சாவித் துவாரம் இருக்கும் ரவுண்டு பூட்டு மூன்றாவது. குளியலறை, படுக்கையறைக் கதவுகளில் பெரும்பாலும் இதுதான். முகத்தில் 54 மி.மீ. வட்டம், விளிம்பில் பெரும்பாலான மாடல்களுக்கு 25 மி.மீ. துளை. கதவின் விளிம்பிலிருந்து வட்டத்தின் மையம் வரை 60 அல்லது 70 மி.மீ. உங்கள் பூட்டு இதில் எது என்பதை அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் வார்ப்புருவில் பாருங்கள். அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியில் மார்டிஸ் பூட்டு. கதவின் விளிம்பைக் குடைந்து, பூட்டின் உடல் முழுவதையும் மரத்துக்குள் இறக்குவது. தச்சு வேலை என்று சொல்லத்தக்கது இதுதான், கருவித் தேர்வு முக்கியமாவதும் இதற்குத்தான். மற்றவற்றைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு, இதில் நின்று பேசுகிறேன்.

இரண்டாம் படி: நாலு எண்கள்

பூட்டின் உடல் தடிமன், உடல் உள்ளே போகும் ஆழம், விளிம்பில் தெரியும் முகத்தகட்டின் அகலம், அந்தத் தகட்டின் கனம். எழுதிக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் பூட்டுகளில் உடல் தடிமன் பெரும்பாலும் 14 முதல் 18 மி.மீ. வரை இருக்கும். முகத்தகடு 20 முதல் 25 மி.மீ. அகலம். கனம் 3 மி.மீ. பக்கம்.

இனி கதவுக்கு வாருங்கள். ஃபிளஷ் கதவு என்றால் தடிமன் 25, 30, 35 மி.மீ. என்று வரும். 30-க்குக் கீழே மார்டிஸ் பூட்டு போடுவதை நான் தவிர்த்துவிடுவேன். பக்கச் சுவர்கள் தாங்காது. வாசல் கதவு மரச்சட்டமும் பலகையுமாகச் செய்ததாக இருந்தால், பூட்டு இறங்கப்போகும் நெடுக்குச் சட்டத்தின் அகலத்தை அளக்க வேண்டும். 100 மி.மீ. சட்டத்தில் 75 மி.மீ. ஆழப் பூட்டு இறங்கினால் பின்னால் 25 மி.மீ. மரம் நிற்கும். போதும். அதற்குக் குறைந்தால் ஆழம் குறைவான பூட்டாக மாற்றி வாங்குங்கள்.

இங்கே பலரும் இடறும் ஒரு சங்கதி உண்டு. சட்டம் போட்ட கதவில், நடுக் குறுக்குச் சட்டம் நெடுக்குச் சட்டத்துக்குள் கழுந்து (ஒடுக்கிச் செதுக்கிய முனை) நீட்டி நுழைந்திருக்கும். கைப்பிடி உயரமும் அந்த இடமும் பல கதவுகளில் ஒன்றாகவே வந்து அமையும். அங்கே குடைந்தால் கழுந்து அறுபட்டுக் கதவின் பிணைப்பே தளர்ந்துவிடும். கதவின் விளிம்பை உற்றுப் பாருங்கள். கழுந்தின் முனை வெளியே தெரிந்தால் பூட்டை அதற்கு மேலேயோ கீழேயோ நகர்த்திவிடுங்கள். உயரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை.

கதவு தொங்குகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கீல் திருகாணி தளர்ந்து கதவு இறங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இறங்கிய கதவுக்கு அளந்து மாட்டிய பூட்டு, கீலை முறுக்கிய அன்றே, நிலையில் தாழ் நுழையும் நாதாங்கித் தகட்டில் இடிக்கும்.

மூன்றாம் படி: கருவிகள்

*உளி.* சூப்பர் மார்க்கெட்டில் ஆறு உளி கொண்ட செட் கண்ணைப் பறிக்கும். வாங்காதீர்கள். அதே பணத்துக்கு ஹார்டுவேர் கடையில் நல்ல உளி இரண்டு கிடைக்கும், இந்த வேலைக்கு இரண்டே போதும். ஒன்று 12 மி.மீ., அதாவது அரை இஞ்ச். குழியின் மேல் முனையையும் கீழ் முனையையும் சதுரமாக்க இது. பூட்டு உடலின் தடிமனைவிட உளி சற்று ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 14 மி.மீ. குழிக்குள் 18 மி.மீ. உளி எப்படி நுழையும்? இரண்டாவது 25 மி.மீ., ஒரு இஞ்ச். குழியின் நீண்ட சுவர்களைச் சீவவும், முகத்தகட்டுக்கான பள்ளத்தின் ஓரங்களை நேராக இறக்கவும் இது. 12 மி.மீ. உளியால் அந்த நீண்ட ஓரத்தை வெட்டினால் அது பல் பல்லாகத்தான் வரும்.

மரப்பிடி உளி வாங்குவதானால் பிடியின் தலையில் இரும்புப் பூண் இருக்கிறதா பாருங்கள். பூண் இல்லாத பிடி அடி வாங்க வாங்கப் பிளக்கும். அடிப்பதற்குக் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்திதான் சரி. இரும்புச் சுத்தியல் பிடியைச் சிதைக்கும், அடியின் அளவும் கைக்கு அடங்காது.

*சாணை.* உளி வாங்கிய கையோடு தீட்டும் கல்லும் வாங்கியாக வேண்டும். கடையிலிருந்து வரும் உளி சாணைச் சக்கரத்தில் கடைந்ததோடு நிற்கும், கூர் ஏறியிருக்காது. ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நயமுமாக இருக்கும் எண்ணெய்க்கல் ஒன்று போதும். முதலில் உளியின் தட்டையான முதுகைக் கல்லில் முழுவதும் படிய வைத்து, முனை பளபளக்கும் வரை தேயுங்கள். பிறகு சாய்வுப் பக்கம். கடையில் வைத்த சாய்வு 25 டிகிரி அளவில் இருக்கும். கையைக் கொஞ்சம் தூக்கி 30 டிகிரியில் பத்துப் பதினைந்து இழுப்பு. முதுகுப் பக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். உளியைப் புரட்டி முதுகைத் தட்டையாக வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் அது உதிர்ந்துவிடும்.

எங்கள் தெரு ஆசாரி தீட்டி முடித்ததும் முன்கையில் உளியை வைத்து மெல்ல ஓட்டுவார். முடி சுத்தமாக வழிந்து வரும். "இப்பப் பிடிங்க தம்பி, இப்ப அடிக்கவே வேணாம், தள்ளினாலே போகும்" என்று என் கையில் கொடுப்பார். முன்கை முடி போகாத உளியோடு தேக்குக்கு முன்னால் உட்காராதீர்கள். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு பூட்டுக் குழிக்குள்ளேயே இரண்டு தடவை கல்லுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். வேம்பிலும் வேங்கையிலும் சிக்கல் வேறு மாதிரி. நார் ஒரே பக்கமாக ஓடாமல் பின்னிக் கிடக்கும். ஒரு பக்கம் வெண்ணெய் மாதிரி சீவிக்கொண்டு வரும்போதே அடுத்த விரற்கடையில் பெயர்ந்துவிடும். அங்கே மெல்லிய சீவலாக, குறுக்கு வாட்டில் எடுங்கள்.

*டிரில்லும் பிட்டும்.* வீட்டில் இருக்கும் சுவர் டிரில்லே போதும். ஆனால் சுத்தியல் குறியில் இருக்கும் பொத்தானை மறக்காமல் சாதா டிரில் குறிக்கு மாற்றுங்கள். அந்தத் தடதடப்பில் மரத்தில் போடும் துளை விரிந்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அவசியம். தட்டை முனை கொண்ட ஃபிளாட் பிட் வேகமாகச் சுழல வேண்டும், வட்டமாக அறுத்தெடுக்கும் ஹோல் சா மெதுவாகச் சுழல வேண்டும். மெதுவாக விடாத ஹோல் சா மரத்தைக் கருக்கிவிடும்.

மார்டிஸ் குழிக்கான ஃபிளாட் பிட், பூட்டு உடலின் தடிமனுக்குச் சமமாகவோ அதைவிட 1 மி.மீ. கூடுதலாகவோ இருக்கட்டும். உடல் 15 என்றால் பிட் 16. ஃபிளாட் பிட் மண்வெட்டி மாதிரி தட்டையாக இருப்பதால் ஆழம் போகப் போக அலையும். திருகுபோல் முறுக்கிய, நுனியில் ஸ்க்ரூ வைத்த ஆகர் பிட் அதைவிட நேராகப் போகும். அந்த நுனி மரத்துக்குள் தானே இழுத்துக்கொண்டு இறங்கும். விலை கூடுதல். இரண்டுக்கு மேல் கதவு இருந்தால் வாங்கலாம்.

ரவுண்டு பூட்டுக்கு 54 மி.மீ. ஹோல் சாவும் 25 மி.மீ. ஃபிளாட் பிட்டும். இந்த இரண்டையும் சேர்த்தே ஒரு டப்பாவில் விற்கிறார்கள், அது பரவாயில்லை.

*குறிக்கும் கருவிகள்.* மூலைமட்டம், ஸ்டீல் ஸ்கேல், கூரான பென்சில், வெட்டுக் கத்தி, குத்தூசி. விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்கேலில் அளந்து இரண்டு பக்கமிருந்தும் கோடு போட்டு, இரண்டும் சேரும் இடத்தை மையமாக வைத்துக்கொள்ளலாம்.

மரத்தைக் குடையும் மின்கருவியான ரவுட்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரு கதவுக்கு வேண்டாம். அதைச் சட்டம் வைத்து நிலைநிறுத்தப் பிடிக்கும் நேரத்தில் உளியால் வேலையே முடிந்துவிடும். புது வீடு, பத்துக் கதவு என்றால் கதை வேறு. அப்போதுகூட ரவுட்டர் வைத்திருக்கும் ஆசாரியைக் கூப்பிடுவதுதான் கணக்குக்குக் கட்டுப்படியாகும்.

நாலாம் படி: குறித்தல்

தரை ஓடு பதித்து முடிந்த மட்டத்திலிருந்து கைப்பிடி ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் வரட்டும். ஓடு இனிமேல்தான் பதிக்கப் போகிறார்கள் என்றால் அந்தக் கனத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கதவைத் திறந்து, அடியில் இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். மூலைமட்டம் வைத்து உயரக் கோட்டை ஒரு முகத்திலிருந்து விளிம்பைத் தாண்டி மறுமுகம் வரை கொண்டுபோங்கள். விளிம்பில் மையக்கோடு. பூட்டின் உடலை விளிம்பில் வைத்து மேல், கீழ் எல்லைகளைக் குறியுங்கள். முகத்தகட்டின் எல்லைகளை இப்போது குறிக்க வேண்டாம். பூட்டு குழிக்குள் எப்படி உட்காருகிறது என்று பார்த்த பிறகுதான் அது.

ஐந்தாம் படி: குடைதல்

பிட்டில், பூட்டின் ஆழத்தைவிட 3 மி.மீ. கூடுதலாக ஒரு இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் விளிம்பைத் தொட்டதும் நிறுத்த வேண்டியதுதான். முகத்தகடு மரத்துக்குள் இறங்கும் கனத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த 3 மி.மீ. அதற்கே போய்விடும். ஆகவே தகடு கனமாக இருந்தால் இன்னும் 2 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் துளை மேல் எல்லையில், அடுத்தது கீழ் எல்லையில். பிறகு நடுவில். ஃபிளாட் பிட்டால் ஒரு துளையின் மேல் இன்னொரு துளை ஏறும்படி போட்டால், பிட் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைக்குள் சரியும். துளைகளுக்கு இடையே 2 மி.மீ. மரத்தை விட்டுவிட்டு, அந்தச் சுவர்களை உளியால் எடுங்கள்.

நேராகப் பிடிப்பது எப்படி? பக்கத்தில் இருப்பவரைக் கதவின் நீளவாட்டில் நிற்க வைத்து, டிரில் இடம் வலம் சாய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேல் கீழ் சாய்வு பெரிய ஆபத்தில்லை. இடம் வலம் சாய்ந்தால்தான் முகம் பிளக்கும். எனக்கு அன்று ஆள் இல்லை. அதனால்தான் மீன் ஸ்டிக்கர்.

துளைகள் முடிந்ததும் 25 மி.மீ. உளி. தட்டையான முதுகு குழியின் சுவரைப் பார்த்தபடி, சாய்வு உள்பக்கம் பார்த்தபடி. கொட்டாப்புளி இல்லாமல் கையாலேயே தள்ளிச் சீவுங்கள். மேல், கீழ் முனைகளுக்கு 12 மி.மீ. உளியும் மெல்லிய தட்டலும். நெடுவாட்டில் ஓடும் நாரை இங்கே குறுக்கே வெட்டுகிறோம், அதனால் தயங்காமல் அடிக்கலாம். அதே தைரியத்தோடு நீண்ட சுவர்ப் பக்கம் அடித்தால் நாரோடு சேர்ந்து கதவே விரியும்.

பூட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகவில்லையென்று சுத்தியலால் தட்டி ஏற்றினால், உள்ளே நெம்பப்பட்ட உடலில் தாழ் சிக்கும். எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லையா? பூட்டு உடலில் பென்சில் கரியைத் தேய்த்து நுழைத்து எடுங்கள். கரி படிந்த இடத்தைச் சீவுங்கள்.

ஆறாம் படி: முகத்தகட்டின் பள்ளம்

பூட்டை உள்ளே விட்டு, தகட்டைச் சுற்றிக் கத்தியால் கீறுங்கள். பென்சில் கோடு அரை மி.மீ. கனம், கத்திக் கீறலுக்குக் கனமே கிடையாது. உளி போய் நிற்க ஒரு பள்ளமும் கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் 25 மி.மீ. உளியை நிறுத்தி மெதுவாகத் தட்டி ஆழத்தை இறக்குங்கள். நடுவில் 5 மி.மீ.க்கு ஒரு வெட்டாகக் குறுக்கே போட்டு, பிறகு படுக்கை வாட்டில் சீவி எடுங்கள். தகடு விளிம்போடு ஒரே மட்டமாக உட்கார வேண்டும். ஆழம் கூடிவிட்டால் தகட்டுக்கு அடியில் விசிட்டிங் கார்டு ஒன்றை வெட்டிச் செருகலாம். நானும் செய்திருக்கிறேன், வெளியே சொல்வதில்லை.

ஏழாம் படி: கைப்பிடிக்கும் சாவிக்கும் துளை

பூட்டைக் கதவின் முகத்தில், உள்ளே இருக்கப்போகும் இடத்துக்கு நேராக வைத்து, குத்தூசியால் மையங்களைக் குத்துங்கள். தகடு விளிம்போடு மட்டமாக இருக்கும்படி வைப்பது முக்கியம். முன்னே பின்னே இருந்தால் சாவித் துவாரம் விலகிவிடும். இரண்டு முகங்களிலும் தனித்தனியாகக் குறித்து, இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி துளையிடுங்கள். ஒரே பக்கமிருந்து போட்டால் மறுபக்கம் சிராய் பெயரும். குழிக்குள் ஒரு மரச்சிலாகையைச் செருகிவைத்துத் துளையிட்டால் உள்ளேயும் பெயராது. லேமினேட் முகம் என்றால் மேலே டேப் ஒட்டிக்கொண்டு போடுங்கள்.

யூரோ வகை சாவி உருளைக்கு மேலே 17 மி.மீ. வட்டமும் கீழே 10 மி.மீ. அகல வாலும் உண்டு, மொத்த உயரம் 33 மி.மீ. மேலே 18 மி.மீ. பிட், கீழே 10 அல்லது 12 மி.மீ. பிட், நடுவில் மிஞ்சுவதை உளியாலும் அரத்தாலும் எடுத்தால் போதும். மேலே தகடு மூடிவிடும், அழகு பார்க்க வேண்டாம். ஆனால் உருளையின் நீளம் முக்கியம். வெளிப்பக்கத் தகட்டைத் தாண்டி 2, 3 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் குறடு போட்டு முறிப்பவனுக்கு நாமே பிடிமானம் கொடுத்ததாகிவிடும்.

எல்லாவற்றையும் மாட்டி, கதவைத் திறந்து வைத்தபடியே சாவியைப் பத்துத் தடவை திருப்பிப் பாருங்கள். மூடிவிட்டுச் சோதித்து, அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எட்டாம் படி: நிலையில் தகடு

தாழ் நிலைச்சட்டத்தில் எங்கே படும் என்பதைக் கண்டுபிடிக்க எத்தனையோ வழி சொல்வார்கள். எனக்கு எளிதானது கண் மை. தாழின் நுனியில் விரலால் பூசி, தாழை உள்ளே இழுத்துப் பிடித்தபடி கதவை மூடி, தாழை விடுங்கள். நிலையில் கருப்பாக அச்சு விழும். அங்கேயே துளையிட்டு, சதுரமாக்கி, தகட்டைப் பதியுங்கள்.

துளையின் அளவை முடிவுசெய்யும்போதுதான் நம் ஊர் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரையில் கச்சிதமாக மாட்டிய பூட்டு ஐப்பசி, கார்த்திகையில் மக்கர் செய்வது அடிக்கடி நடப்பது. ஈரத்தில் மரம் அகலவாட்டில் ஊதும், நெடுவாட்டில் அநேகமாக ஊதாது. ஆகவே கதவு நிலையை நெருங்கும், உயரம் மாறாது. கோடையில் மாட்டினால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். தாழ் நுழையும் துளையை, தாழ் முழுதாக வெளியே வரும் நீளத்தைவிட 5 மி.மீ. ஆழமாகவே போடுங்கள். மேல் கீழாக 2 மி.மீ. தளர்வு விட்டால் கீல் பின்னால் இறங்கினாலும் தாங்கும்.

கடைசியாகத் திருகாணி

எல்லாத் திருகாணிக்கும் முதலில் சிறு துளை. 8-ஆம் நம்பர் திருகாணிக்குத் தேக்கில் 3 மி.மீ. துளை. பித்தளைத் திருகாணி என்றால் அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கிவிட்டு, அந்தத் தடத்தில் பித்தளையை விடுங்கள். நேரடியாக முறுக்கினால் தலை முறிந்து உடல் மரத்துக்குள் தங்கிவிடும். ஏற்றும் முன் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் பாதிப் பலம் போதும்.

சாவி உருளைக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. முதல் வாரம் சொர்க்கமாகத் திரும்பும். பிறகு தூசியைப் பிடித்து வைத்துக் களிம்பாகிவிடும். அதற்குப் பதில் மென்மையான பென்சில் முனையைக் கத்தியால் சுரண்டி, அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி நாலு தடவை உள்ளே விட்டு எடுங்கள்.

உளியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெயை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.